ஆறு கடந்த இரண்டு பற்றரி

மட்டக்களப்பு வாவியை எங்கள் ஊரார் வாவி என்று சொல்வது குறைவு. ஆறு என்றுதான் சொல்வார்கள். ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த நீர், எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சூரியன் எழுகின்ற கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படுகின்ற வயற்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடல் மீனும் தேங்காயும் கடைத்தெருவும் உண்டு. படுவான்கரையில் நெல்லும் தயிரும் தேனும் விறகும் உண்டு. ஒரு கரை இல்லாமல் மறு கரைக்கு அடுப்பு எரியாது.

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு நாள், படுவான்கரையில் இருக்கும் என் பெரியம்மா பட்டணத்துக்கு வந்திருந்தா. தன் பேத்தி வெளிநாடு போகப் போவதாகவும், யாரோ கொடுத்த கடதாசிகளை நான் ஒருமுறை வாசித்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டா. அடுத்த நாள் காலை இருவருமாகப் புறப்பட்டோம். பஸ் ஏறுவதற்கு முன்னர் பெரியம்மா ஒரு கடையில் நின்று, டோச் லைற்றுக்குப் போடும் பெரிய பற்றரி இரண்டு வாங்கினா. கடைக்காரப் பொடியன் பை நீட்டினான். அவ வாங்கவில்லை. இரண்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினா.

"போனிலயே லைற் இருக்கே பெரியம்மா, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் மகள்" என்று மட்டும் சொன்னா.

கல்லடிப் பாலம் கடந்தோம். 1924 இல் கட்டிய பழைய லேடி மானிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் திறந்த புதிய பாலம். காத்தான்குடி தாண்டி, ஆரையம்பதி தாண்டி, பஸ் மேற்கே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மண்முனைப் பாலம். யப்பான் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு, 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் நீர் பளபளத்தது. ஒரு தோணியில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். பஸ் இரண்டு நிமிடத்தில் மறு கரையில் ஏறிவிட்டது. யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. பெரியம்மா கையில் இருந்த பற்றரிகளை மடியில் வைத்து, முந்தானையால் மூடப் போய், மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டா.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

பாதையும் பாஸும்

வேறு மாவட்டத்துச் சகோதரிகளுக்காக ஒரு சொல்லை இங்கே விளக்க வேண்டும். எங்கள் பகுதியில் 'பாதை' என்றால் ஆறு கடக்கும் மிதவையையும் குறிக்கும். படகுகளை இணைத்து, மேலே பலகைத் தட்டுப் போட்டு, மனிதரையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றி இறக்குவது. மண்முனையில் பாலம் வரும் வரை பாதைதான் ஓடியது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை ஓடியது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கும், மண்டூர் முருகன் திருவிழாவுக்கும் எழுவான்கரைச் சனம் பாதையேறித்தான் போனது.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபோது, இந்த ஆறு எல்லையானது. எழுவான்கரை இராணுவத்தின் கையில். படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். பத்திரிகைகளில் படுவான்கரைக்கு 'இராணுவக் கட்டுப்பாடற்ற பகுதி' என்று பெயர் வந்தது. எல்லா ஊரும் எல்லைக்குக் கொடுக்கும் விலையை எங்கள் ஊர்களும் கொடுத்தன. 1991 ஜூன் 12 ஆம் திகதி மண்முனைத் துறையருகே கண்ணிவெடி வெடித்த பின்னர், கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதிகளில் பொதுமக்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகக் கண்டது. ஊரார் சொல்லும் கணக்கு அதைவிடக் கூட.

ஆற்றுக்கு அங்கால் எந்தப் பொருள் போகலாம், எது போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பற்றரி போகக் கூடாது. யூரியா போகக் கூடாது. சீமெந்து, இரும்பு, எரிபொருள் எல்லாம் தடை அல்லது அளவு. வெடிமருந்துக்கும் வாகனத்துக்கும் பயன்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது ஆயுதம் ஏந்தியவர்கள் மட்டுமல்ல. யூரியா இல்லாமல் வயல் மஞ்சளித்தது. சீமெந்து இல்லாமல் கிணற்றுக் கட்டு இடிந்தது. மண்ணெண்ணெய் குறைந்தால் பிள்ளைகள் இரவில் படிக்க முடியாது. மின்சாரம் இல்லாத ஊரில், யானை வரும் ஊரில், பாம்பு வரும் ஊரில் டோச் லைற் விளையாட்டுச் சாமான் அல்ல.

இந்தக் கரையில் கடையில் தட்டில் அடுக்கி விற்கும் சாமான், முந்நூறு யார் நீரைத் தாண்டினால் குற்றம். பொருள் மாறவில்லை. வாங்கியவரும் மாறவில்லை. நடுவில் ஒரு கோடு மாத்திரம் போடப்பட்டது. இப்படிக் கோடு போட்டது எங்கள் ஊரில் மட்டுமல்ல. 1930 இல் தமிழ்நாட்டு வேதாரணியத்தில் இராஜாஜியின் தலைமையில் நடந்து போனவர்கள் கடற்கரையில் உப்பு அள்ளியதற்காகச் சிறைக்குப் போனார்கள். கடல் தந்த உப்பும் ஒரு காலத்தில் களவு உப்பாக இருந்திருக்கிறது.

அந்தப் பாண்

பஸ்ஸால் இறங்கி வரம்பு வழியே நடக்கும்போது பெரியம்மா சொல்லத் தொடங்கினா. அவ சொன்னதை அவ சொன்னபடி எழுதுகிறேன். எந்தத் துறை என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டா.

"அது 96 ஆம் ஆண்டு. மகளுக்கு மாசம் ஒன்பது. பின்னேரம் ஆனால் பாதை ஓடாது. ராவையில வலி வந்தால் ஆத்துக்கு இஞ்சால கொண்டு வர ஒண்ணா. ஊரில ஒரு மருத்துவிச்சி இருந்தா. அவவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். 'ஒரு டோச் லைற் எண்டாலும் பிடிங்க, குப்பி விளக்க நம்பி நான் கை வைக்க மாட்டன்' எண்டு செல்லிப்போட்டா. டோச் வீட்டில இருந்தது. பற்றரி இல்ல. எங்கட பக்கத்துக் கடையில களவா விக்கிற பற்றரி பட்டணத்து விலையப் போல எத்தனையோ மடங்கு. மறுகா நானே பட்டணம் வந்தன். ரெண்டு பற்றரி வாங்கினன். ஒரு றாத்தல் பாண் வாங்கி, அடியில கிண்டி, உள்ளுக்கு வச்சு, கிண்டின துண்டால மூடினன். சின்னதுகளுக்குப் பாண் எண்டால் ஆசை. ரெண்டுக்கும் ஆச்சுது எண்டு நினைச்சன்."

துறையில் சோதனைக் கூடாரம். பெண்களைத் தனியாகச் சோதிப்பார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். அரிசிப் பைக்குள் கம்பி விட்டுக் குத்துவார்கள். அன்றைக்குப் பாணையும் பிய்த்தார்கள்.

"பற்றரி ரெண்டும் கீழ விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில இருக்கு மகள். ஒரு கொப்பியில என்ட பேர எழுதினாங்க. பக்கத்தில நிண்டவர் தமிழில செல்றார், 'கடத்தல்காரி' எண்டு. வெயிலுக்க நிக்க வச்சாங்க. கடைசிப் பாதைக்குத்தான் விட்டாங்க. பற்றரிய ஆத்துக்க எறிஞ்சாங்க. பாணையும் எறிஞ்சாங்க. பாணில என்ன கிடந்தது?"

நான் பேசாமல் நடந்தேன்.

"அந்தக் கிழமையே ராவையில பிள்ளை பிறந்தது. குப்பி விளக்கு நாலு கொளுத்தி வச்சம். கடவுள் காப்பாத்தினார். ஆனால் ஒண்டு செல்றன். அடுத்த நாள் ஊர்க் கடைக்குப் போனன். அங்க பெட்டிக் கணக்கில பற்றரி இருந்தது. அது எந்தப் பாணுக்குள்ள வந்தது? மூட்டையில போறதுக்கு வேற வழி. ரெண்டு கொண்டு போற எனக்குத்தான் வெயில்."

கடத்தலைப் பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக ஒருவர் சொன்னதில்லை. தடை வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் இலாபம் வரும். அந்த இலாபம், இருபக்கமும் ஆட்களைத் தெரிந்தவர்களிடம் போகும். எழுவான்கரையில் கையூட்டு. படுவான்கரையில் இறங்கினால் வரி. இரண்டையும் கொடுக்கக்கூடியவர் வியாபாரி. கொடுக்க முடியாமல் பாணுக்குள் ஒளித்துக்கொண்டு போகிறவள் கடத்தல்காரி.

வடக்கில் வாழ்ந்த சகோதரிகளுக்கும் இது புதிதல்ல. ஆனையிறவு வழி மூடியபோது, தொண்ணூறுகளின் முதற்பாதியில் கிளாலி நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? 1993 ஜனவரியில் அந்த நீரில் கடற்படையின் தாக்குதலில் பயணிகள் இறந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகளைக் கடத்திய தாய்மார்

2002 இல் யுத்தநிறுத்தம் வந்தது. பொருட்தடை நீங்கியது. பற்றரி தாராளமாகப் போனது. ஆனால் ஆறு கடப்பதில் வேறொரு பயம் வந்தது என்றா பெரியம்மா.

இது எழுதக் கசப்பானது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். அந்தச் சமாதான காலத்திலும் எங்கள் மாவட்டத்தில் புலிகள் பிள்ளைகளைப் படைக்குச் சேர்த்தார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளை, கோயில் திருவிழாவுக்குப் போன பிள்ளை வீடு திரும்பாத நாட்கள் இருந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2004 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் மட்டக்களப்புத் தாய்மார் பலரின் வாக்குமூலம் உண்டு. 2004 மார்ச்சில் கருணா பிரிந்து, ஏப்ரலில் வெருகலில் மோதல் நடந்து, பிள்ளைகள் பலர் வீடு வந்தபோது தாய்மார் அவர்களை மறைத்து வைத்தார்கள். பின்னர் 2006 இல், இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலேயே கருணா அணியினர் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். தப்புவதற்குக் கரையே இல்லாமற் போனது.

அந்த நாட்களில் படுவான்கரைத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை ஆறு கடத்தினார்கள். விடியப்புறத்தில் மீன்தோணியில், வலைக்கடியில் படுக்க வைத்து. உறவினர் வீட்டுக்கு, விடுதிக்கு, வேறு மாவட்டத்துக்கு. பெரியம்மாவும் தன் மூத்த பேரனை அப்படித்தான் அனுப்பினா. தோணிக்காரர் பணம் வாங்கவில்லை.

"அவர் ஆத்தக் கடத்தி விட்டார் மகள். அவரையும் கடத்தல்காரன் எண்டுவியா?" என்று கேட்டா.

தமிழில் இது ஒரு வேடிக்கையான சொல். கட என்றால் தாண்டு. கடத்து என்றால் தாண்ட வை. கங்கைக் கரையில் இராமனை ஓடத்தில் ஏற்றிய குகன் செய்ததும் கடத்தி விட்டதுதான். களவாகச் சாமான் கொண்டு போவதும் கடத்தல். ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும் கடத்தல். ஏமாற்றி வெளிநாட்டில் விற்பதும் கடத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால், யார் காப்பாற்றுகிறார், யார் விற்கிறார் என்று நாம் பிரித்துப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை இதற்காக இரண்டு தனித்தனி உடன்படிக்கைகள் செய்தது. ஒருவர் தன் விருப்பத்தோடு பணம் கொடுத்து, சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டுவதற்கு உதவுவது ஒன்று. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது மற்றொன்று. இரண்டாவதில் கொண்டுபோகப்பட்டவர் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். எங்கள் நாட்டிலும் 2006 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, ஆள் வியாபாரத்துக்கு 2 முதல் 20 ஆண்டு வரை சிறை என்று எழுதப்பட்டது. ஆனால் முதலாவதாகத் தொடங்குவது இரண்டாவதாக முடிவதுண்டு. ஏறும்போது பயணி. இறங்கும்போது சரக்கு.

கடலும் ஓர் ஆறு

பெரியம்மாவின் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு தங்கச்சி இருக்கிறா. வாசலில் நின்று எங்களைக் கூப்பிட்டுத் தேநீர் தந்தா. அவவின் கணவர் 2012 இல் வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். அந்த ஆண்டில் இலங்கையிலிருந்து 6,000 க்கும் அதிகமானோர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் கரையோர ஊர்களில் இருந்தும் பலர் போனார்கள். நகையை அடகு வைத்து, வளவை ஈடு வைத்துக் காசு கட்டினார்கள். அவர் போய்ச் சேர்ந்தார். ஆனால் ஆண்டுக் கணக்காகத் தற்காலிக விசா. மனைவியை எடுக்க முடியாது. திரும்பி வரவும் பயம். போகும்போது கைப்பிள்ளையாக இருந்த மகன் இப்போது தகப்பனைப் போனில் மட்டும் தெரிந்தவன்.

2013 செப்டெம்பருக்குப் பின் அவுஸ்திரேலியா வள்ளங்களைக் கடலிலேயே திருப்பத் தொடங்கியது. 2014 ஜூலை தொடக்கத்தில் 41 பேரை மட்டக்களப்புக்கு வெளியே நடுக்கடலில் வைத்து எமது கடற்படையிடம் கையளித்தார்கள். 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். காலி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்கும் அதே கடல்தான். ஏழ்மைக்கும் பயத்துக்கும் இனம் இல்லை. வள்ளம் ஏற்றிக் காசு வாங்கியவர்கள் அநேகமாகக் கரையிலேயே நிற்பார்கள். நடுக்கடலில் நிற்பவர்கள் ஏறியவர்கள்தான்.

பேத்தியின் கடதாசி

குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிறந்த பிள்ளைக்கு இப்போது முப்பது வயதை எட்டும். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் கூலி வேலை. மூன்று இடத்தில் நுண்கடன். கிழமைக்கு ஒருமுறை வசூலிக்க வருகிறவர் வாசலில் நின்று சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். அந்த வெட்கத்துக்குத் தப்பத்தான் போகிறேன் என்றா.

கடதாசிகளை ஒரு பொலித்தீன் பையில் இருந்து எடுத்துத் தந்தா. பாயில் விரித்து வாசித்தோம். வேலை ஒப்பந்தம் இல்லை. விசா, சுற்றுலா விசா. அதற்குக் காலம் ஒரு மாதம். வேலை வாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை. "அங்க போய் இறங்கினதும் வேலை விசா அடிச்சுத் தருவம் எண்டு செல்றாங்க அக்கா. பதியப் போனால் சின்னப் பிள்ளையள் இருக்கிறதக் கேட்டு நிப்பாட்டிப் போடுவாங்களாம்" என்றா.

கொண்டுபோக வருகிறவர் ஊருக்குத் தெரிந்த ஒருவர்தான். முற்பணமாக இரண்டு இலட்சம் ரூபாவும் கொடுத்திருக்கிறார். நாங்கள் காசு கட்டித்தான் வெளிநாடு போவது வழக்கம். ஒருவர் எங்களுக்குக் காசு தந்து கூட்டிப்போகிறார் என்றால், அந்தக் காசை அவர் வேறெங்கோ எடுக்கப் போகிறார். சாமான் வாங்குகிறவர்தான் முற்பணம் கொடுப்பார்.

"பாஸ்போட் எங்க?" என்று கேட்டேன்.

"அவரிட்ட."

பெரியம்மா நெற்றியில் கை வைத்தா.

நான் அவளைப் பயமுறுத்த விரும்பவில்லை. வெளிநாடு போய் உழைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்த பெண்கள் எங்கள் கிராமங்களில் நிறையப் பேர். போவது பிழையல்ல. ஆனால் எனக்குத் தெரிந்த இரண்டு விடயங்களைச் சொன்னேன்.

ஒன்று, மூதூர் ரிசானா நபீக். 2005 இல் சவூதிக்குப் போகும்போது அந்தப் பிள்ளைக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். போய்ச் சில கிழமைகளில், தன் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்ததற்குக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. பொய்யாக ஆவணம் செய்த முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் கொடுத்த தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. கடதாசியில் பொய் எழுதியவர்களுக்கு இரண்டு ஆண்டு. அந்தக் கடதாசியைக் கையில் வைத்திருந்த பிள்ளைக்கு உயிர்.

மற்றது, ஓமான். 2022 இல், நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது, சுற்றுலா விசாவில் பெண்களை ஓமானுக்குக் கொண்டுபோன விடயம் வெளிவந்தது. பெண்கள் வேலைக்கு விற்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. நவம்பரில் கைதுகள் நடந்தன. கைதானவர்களில் இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய ஒருவரும் இருந்தார். அங்கே அடைக்கலம் தேடியிருந்த பெண்களும் இதே கதையைத்தான் கேட்டிருப்பார்கள்: போய் இறங்கினதும் வேலை விசா.

பேத்தி குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு நிமிர்ந்து, "அக்கா, நீங்க செல்றது சரி. கடன யார் கட்டுவாங்க?" என்று கேட்டா.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 2022 இல் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. பிள்ளைகளின் நன்மைக்கு என்று காரணம் சொன்னார்கள். ஆனால் தாய்க்கு இங்கே வருமானம் ஒன்றும் ஏற்படுத்தாமல் நேர்வழியை இறுக்கினால், அவள் களவு வழியால்தான் போவாள். பற்றரிக்கு நடந்ததுதான் பெண்ணுக்கும் நடக்கிறது. தடை போட்டவருக்கு நட்டம் இல்லை. தடையை வைத்து உழைப்பவருக்கு இலாபம். கடக்கிறவளுக்கு வெயில்.

ஆனாலும் ஒன்றைச் செய்தோம். அங்கேயே இருந்து 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தோம். அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம். கடதாசியில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டோம். அந்தப் பெயரில் அனுமதிபெற்ற முகவர் நிலையம் இல்லை என்றார்கள். 1985 ஆம் ஆண்டின் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாத எவரும் ஆட்களை வேலைக்கு அனுப்ப முடியாது. பேத்தி போனைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு பொலித்தீன் பையும் சில கடதாசிகளும் இருக்கலாம். அவற்றை விரித்து வைத்து இவற்றைக் கேளுங்கள்.

விசா என்ன விசா? சுற்றுலா விசாவென்றால் நீங்கள் அங்கே வேலைக்காரி அல்ல, சட்டத்தின் முன் காலம் கடந்து தங்கிய ஒருத்தி. அடித்தாலும் சம்பளம் தராவிட்டாலும் முறையிடப் பயப்படுவீர்கள். அவர்களுக்கு வேண்டியதும் அந்தப் பயம்தான்.

கடவுச்சீட்டு யார் கையில்? அது உங்கள் பெயரில் உள்ள உங்கள் பொருள். பிறந்த திகதியும் முகவரியும் உண்மையா என்று நீங்களே வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

காசு எந்தப் பக்கத்தால் வருகிறது? உங்களுக்கு முற்பணம் தருகிறவர் யாரிடம் அதைத் திருப்பி எடுப்பார்?

முகவர் நிலையத்துக்கு அனுமதி உண்டா? 1989 இல் கேளுங்கள். வன்முறையோ மிரட்டலோ என்றால் பெண்களுக்கான 1938 உண்டு. கடதாசி எல்லாவற்றிலும் ஒரு போட்டோப் பிரதி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். போய் ஏமாந்து திரும்பி வந்த பெண்ணை ஊரில் வேறு கண்ணால் பார்க்காதீர்கள். அவள் கடத்தியவள் அல்ல, கடத்தப்பட்டவள்.

திரும்பும் வழி

பின்னேரம் நான் புறப்பட்டேன். பேத்தி இன்னும் முடிவு சொல்லவில்லை. முற்பணத்தில் பாதி ஏற்கனவே கடனுக்குப் போய்விட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மாதர் சங்கத்தில் கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னா. ஆனால் கடவுச்சீட்டை வாங்கி வர, அடுத்த நாள் காலையில் பெரியம்மாவும் அவளும் சேர்ந்து போவதென்று தீர்மானித்தார்கள். "நான் வாறன். என்னைத்தான் ஏற்கனவே கொப்பியில எழுதியாச்சே" என்று பெரியம்மா சொல்ல, காலையில் இருந்து சிரிக்காத பேத்தி சிரித்தா.

பஸ் நிற்கும் இடம் வரை பெரியம்மா வந்தா. பொழுது படத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் யானை வருவதுண்டு என்று கையில் டோச் லைற்றை வைத்திருந்தா. காலையில் வாங்கிய பற்றரி இரண்டும் அதற்குள் இருந்தன. ஒருமுறை அழுத்திப் பார்த்தா. வெளிச்சம் வரம்பு நெடுகப் போய் விழுந்தது.

"பட்டணம் வாற ஒவ்வொரு முறையும் ரெண்டு வாங்குவன் மகள். தேவை இருக்கோ இல்லையோ" என்றா.

இரண்டு நாள் கழித்துப் பேத்தி போன் எடுத்தா. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டதாம். முற்பணத்தை மாதா மாதம் திருப்பித் தருவதாக ஊரார் முன்னிலையில் பேசியிருக்கிறார்களாம். கடன் அப்படியேதான் இருக்கிறது. போகும் எண்ணமும் போகவில்லை. போவதென்றால் பதிந்துதான் போவேன் அக்கா என்றா.